ஜேட் பாலகுமாரின் முதல் கல்

சின்னத் தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர். அதற்குள் தையல் நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பச்சைக் கல். பாலகுமார் மறுபடியும் கணக்குப் போட்டார். மறுபடியும் இரண்டரைதான் வந்தது.

பர்மா ஜேட் என்றால் தன் அளவு தண்ணீரைவிட மூன்று மடங்குக்கு மேல் கனக்க வேண்டும். இரண்டரை என்றால் கண்ணாடி. கல்லை வெளியே எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். கல்லுக்குள் உருண்டையாக ஒரு காற்றுக் குமிழி.

ஓய்வு பெற்றபின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து ஆனேக்கல் பக்கம் கல் பொறுக்கப் போகிறவர் பாலகுமார். அந்தக் கூட்டத்தில் அவருக்குப் பெயரே 'ஜேட்' பாலகுமார். யார் பச்சையாக எதை நீட்டினாலும் கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பார், கத்தியால் கீறிப் பார்ப்பார், "இது ஜேட் இல்லப்பா" என்று இரக்கமே இல்லாமல் சொல்லிவிடுவார். ஊரார் கல்லையெல்லாம் சோதித்தவர் வீட்டுக் கல்லை மட்டும் சோதித்ததில்லை. கட்டிய மனைவியிடம் யாராவது அடையாள அட்டை கேட்பார்களா?

அது அவர் வேதநாயகிக்குக் கொடுத்த முதல் பரிசு. அப்போது வேதா டெலிபோன் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். மாலையில் அவள் டபுள் டெக்கர் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்க்கவே இவர் அல்சூர் ஏரிக்கரையில் கால் கடுக்க நிற்பார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து அந்தக் கல்லை வாங்கினார். பிறகு ஒரு வருஷம் போகிற வருகிறவர்களிடமெல்லாம் மணி கேட்டுக்கொண்டு திரிந்தார். ஏரிக்கரை மழையில் அதை உள்ளங்கையில் வைத்தபோது வேதா கையை மூடிக்கொண்டாள். அந்த மாதிரி ஒரு சாயங்காலம் அவருக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

இப்போது மகள் தாரணிக்குக் கல்யாணம். அம்மாவின் ஜேட்டைப் பதக்கமாக்கித்தான் போட்டுக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சனிக்கிழமை நகைக்கடையில் மெஷினில் வைத்துப் பார்த்து சர்டிபிகேட் கொடுப்பார்களாம். கடைக்காரனுக்கு முன்னால் எடையைச் சொல்லி அசத்தலாம் என்றுதான் பாலகுமார் தராசையே எடுத்தார்.

"கிச்சன்ல என்ன உருட்டுறீங்க?"

வேதாவின் குரல் கேட்டதும் நூல் கை நழுவியது. கல் சமையல் மேடையில் பட்டு ஓரத்தில் ஒரு சில்லு தெறித்தது.

வேதா கல்லை எடுத்துப் பார்த்தாள்.

"போனாப் போகுது விடுங்க. கல்லுதானே."

"உனக்கு வருத்தமா இல்லயா?"

"எதுக்கு வருத்தம்? சும்மா இத கடைக்கு வேற தூக்கிட்டுப் போகணுமா? சர்டிபிகேட் யாருக்கு வேணும்? நீங்க குடுத்தது, எனக்குத் தெரியாதா?"

இவ்வளவு நம்புகிறாளே என்று நினைத்தார் பாலகுமார். இந்த நம்பிக்கையை ஒரு மெஷின் வந்து கெடுப்பதா? பிராணன் போனாலும் விடுவதில்லை என்று முடிவு செய்தார். அன்றைக்கே கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்டின் டவுனுக்கு ஆட்டோ ஏறினார்.

அங்கே டிரேவர் இருந்தான். கல் பொறுக்கும் கூட்டத்தில் இளையவன்; வேதாவின் ஃபேக்டரித் தோழி ஆஞ்சலாவின் மகன். வீட்டுப் பின்கட்டில் கல் அரைக்கும் மெஷின் வைத்திருந்தான்.

"அங்கிள், இது கண்ணாடி."

"தெரியும். இதே கலர்ல அசல் ஜேட் ஒண்ணு வேணும். வெளில மூச்சு விடக் கூடாது. உங்க மம்மிகிட்டகூட."

டிரேவர் மேசை இழுப்பறையைக் குடைந்து ஒரு கல்லை எடுத்தான். "சின்ன வயசுல இத வச்சுத்தான் கோலி ஆடுவேன். வீட்டுல எங்கயோ கெடந்தது. டெஸ்ட் பண்ணிட்டேன், ஜேடைட், அசல் ஜேட்தான். வச்சுக்கோங்க, தாரணிக்கு என் கிஃப்ட்."

பாலகுமார் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குளிர்ந்தது.

"எங்கயோ பார்த்த மாதிரி இருக்குடா."

"நல்ல ஜேட் எல்லாம் அப்படித்தான் இருக்கும் அங்கிள்."

ஆனால் கண்ணாடியைவிட அது பெரிதாக இருந்தது. வேதா கல்லை வைத்திருக்கும் வெள்ளிச் சிமிழில் போட்டால் மூடி மூடாது.

"அரைச்சிடு," என்றார் பாலகுமார்.

"பாவமா இருக்கு அங்கிள். இவ்ளோ நல்ல கல்லு."

"அரைடா."

ஜேட் லேசில் மசியவில்லை. மெஷின் கத்தியது, சக்கரம் ஒன்று தேய்ந்தது, இன்னொன்று மாட்டினார்கள். பக்கத்து வீட்டு சந்திரம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்து, "டிரேவர், ஏன் மாட்தா இதியா, என்னடா பண்றே? என் சீரியல் ஒண்ணும் கேக்கல," என்று கன்னடமும் தமிழுமாகத் திட்டினாள். ஒருவழியாகக் கல் பாதியாகி, கண்ணாடியின் அளவுக்கு வந்தது.

"இப்ப ஓரத்துல அதே மாதிரி சில்லு உடைக்கணும். வேதா பார்த்திருக்கா."

உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தான் டிரேவர். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாலகுமார் வாங்கி அடித்தார். சுத்தியலின் தலை கழன்று பறந்து சந்திரம்மாவின் துளசி மாடத்தை உரசிக்கொண்டு விழுந்தது. அதற்கு அவள் சொன்னது முழுக்கக் கன்னடம்; நல்லவேளை, டிரேவர் மொழிபெயர்க்கவில்லை. புதுச் சுத்தியல் வாங்கி வந்து, அடித்து அடித்து, கடைசியில் ஓரம் தெறித்தபோது இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் பாலகுமார் அல்சூர் ஏரியருகே இறங்கினார். பழைய பெஞ்சும் இல்லை, டபுள் டெக்கரும் இல்லை. கம்பி வேலி வழியாகக் கையை நீட்டிக் கண்ணாடியைத் தண்ணீரில் எறிந்தார். கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிய பர்மாக்காரரையும் மனதாரத் திட்டினார். ஆனால் அந்தப் பொய்க் கல்லை மூடிக்கொண்ட வேதாவின் கை ஞாபகம் வந்தது. அங்கேயே நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் ஜேட்டைச் சிமிழில் போட்டு மூடியபோது மூடி கச்சிதமாக உட்கார்ந்தது.

சனிக்கிழமை காலையிலிருந்தே வேதாவுக்குத் தலைவலி. "இன்னிக்குக் கடைக்குப் போக வேணாம்," என்றாள். "ராகு காலம்," என்றாள். "கல்லு இல்லாமலே பதக்கம் செய்யலாமே," என்றும் சொல்லிப் பார்த்தாள். தாரணி காதில் வாங்காமல் சிமிழை எடுத்துக்கொண்டு போனாள். வேதா பூஜை அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பாலகுமார் காலை ஆட்டிக்கொண்டே பேப்பர் படித்தார்.

மத்தியானம் தாரணி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, அசல் ஜேட். பர்மா சரக்குன்னு சொல்றாங்க. இந்தா சர்டிபிகேட்."

வேதாவின் முகம் வெளுத்துப்போனது. மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தாள்.

"நிஜமாவா? அந்த மெஷின் ரிப்பேரா இருக்கப் போகுது."

"மெஷின் பொய் சொல்லுமா?" என்றார் பாலகுமார், மீசையைத் தடவிக்கொண்டு.

வேதா கல்லைச் சிமிழிலிருந்து எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. "உங்களுக்கு நான் ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றார் பாலகுமார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். அவளுக்குத் தெரியாமல் அவளுடைய சாயங்காலத்தை அவளுக்கே காப்பாற்றிக் கொடுத்துவிட்ட நிறைவு அவருக்கு.

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. ஆஞ்சலா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பாலகுமார் இருப்பதையும் கவனிக்காமல் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால், யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு டிரேவர்.

"வேதா, என் கல்யாண கவுனுக்கு நீ பட்டன் தெச்சுக் குடுத்த அன்னிக்கு அவர் குடுத்த கல்லத் தொலைச்சிட்டு அழுதியே, அவருக்குத் தெரியக் கூடாதுன்னு கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல பச்சக் கண்ணாடி வாங்கி வச்சோமே, அந்த அசல் கல்லு இத்தன வருஷமா இந்தப் பட்டன் டப்பாவுலதான் இருந்திருக்கு; இந்த முட்டாப் பய அத எடுத்து விளையாடி, இப்ப எவனோ ஒரு கிறுக்கன் கேட்டான்னு பாதிக்கு அரைச்சு, ஓரத்த வேற உளியால உடைச்சுக் குடுத்திருக்கான், பேரக் கேட்டா சொல்ல மாட்டேங்கிறான்."