தண்ணீரைப் பார்க்காத மச்சான்

திருவண்ணாமலை வட்டாரத்தில் போர்வெல் போடும் இடங்களில் அதிகமாக நின்றவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு கம்பி மச்சானுக்குத்தான். அவ்வளவு இடங்களில் நின்றும், ஒரே ஒரு இடத்தைத் தவிர எங்கேயும் தண்ணீர் வருவதைக் கண்ணால் பார்க்காதவர் யார் என்று கேட்டால் அந்தப் பரிசும் அவருக்கே. கல்யாணத்துக்கு வந்து, தாலி கட்டும் நேரம் பார்த்து மண்டபத்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆசாமியை என்னவென்று சொல்வீர்கள்? மச்சான் அந்த ஜாதி.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்வெல் ஆபீசில் நான் மேனேஜர். ஆபீஸ் என்பது ஒரு மேஜை, ஒரு போன், நான். என் வேலை போனில் பொய் சொல்வது. "வண்டி கெளம்பிடுச்சுங்க", "கீழ்பென்னாத்தூர் தாண்டிட்டானாம்", "இந்நேரம் உங்க தெருமொனைக்கு வந்திருக்கணுமே" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது வண்டி வேறு யார் கொல்லையிலோ பாதிக் குழியில் நின்றுகொண்டிருக்கும். தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கிய எனக்குப் புனைவில் உண்மையான பயிற்சி அந்த மேஜையில்தான் கிடைத்தது.

மச்சான், முதலாளியின் மனைவிக்கு அண்ணன். முதலாளி அவரை மச்சான் என்று கூப்பிட, டிரைவரும் கூப்பிட, டீக்கடைக்காரரும் கூப்பிட, சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. தங்கையின் கண்ணீருக்காக முதலாளி அவருக்கு வேலை கொடுத்துப் பார்த்தார். டீசலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் டீசல் பீப்பாய்களுக்கு நடுவில் தூங்கினார். ஸ்பேர் வாங்க அனுப்பினால் வழியில் மனசு மாறிக் கிரிவலம் போய்விட்டார். கடைசியில் முதலாளி, "வண்டியோட போங்க மச்சான், ஒண்ணும் செய்யாதீங்க, சும்மா நின்னா போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சும்மா நின்றவர் அண்ணாந்து பார்த்தார். வண்டிக்கு மேலே மின்சாரக் கம்பி ஓடியது. அன்றோடு சரி, அவர் அப்புறம் குனியவே இல்லை.

போர் வண்டியைப் பக்கத்தில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லாரியின் முதுகில் ஓர் இரும்புக் கோபுரம் படுத்திருக்கும். எங்கள் பாஷையில் அது டவர். படுத்திருக்கிற வரை சாது. இடம் வந்ததும் அதை நிமிர்த்தி நிறுத்துவார்கள். தென்னை மர உயரத்துக்கு எழுந்து நிற்கும். அந்த உயரத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்க டவருக்குக் கண் இல்லை. கீழே நிற்பவர்களுக்கு உண்டு. ஆனால் அத்தனை கண்ணும் குழியின்மேல் இருக்கும்.

மச்சானிடம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சேர் இருந்தது. இரும்பு சேரில் உட்கார மாட்டார். அதைத் தள்ளிப் போட்டு, வேலைக்கு முதுகைக் காட்டி, கம்பிக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். அதற்கு முன் ஒரு பிரசங்கம் உண்டு. வீட்டுக்காரர், வீட்டம்மா, வேடிக்கை பார்க்க வந்தவர் எல்லோரும் அதைத் திருப்பி ஒப்பித்த பிறகுதான் பூஜைத் தேங்காய் உடையும்.

"கரெண்ட்ட நிறுத்து, இல்ல வண்டிய தள்ளி நிறுத்து. மூணாவது வழி கெடையாது. தொட்டாத்தான் அடிக்கும்னு நெனைக்காத, கிட்டப் போனாலே தாவும் அது. தப்பித் தவறி பட்டுடுச்சுன்னா டிரைவர் வண்டிய விட்டு எறங்கக் கூடாது. கீழ இருக்கறவன் வண்டிய தொடக் கூடாது. காப்பாத்தறேன்னு எவனும் ஓடியாரக் கூடாது. எங்க, சொல்லுங்க?"

கல்யாணமாகி வந்த மறுநாளே இதை ஒப்பித்த புதுப்பெண்கள் உண்டு.

இன்னொன்று கயிறு. கம்ப்ரஸர் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கத்துவதே கேட்காது. அதனால் டிரைவர் ஏழுமலையின் மணிக்கட்டில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொள்வார். இழுத்தால் நிறுத்த வேண்டும். கயிற்றில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் வேறு கயிறு மாற்றுவார்.

"நான் இன்னா கண்ணுக்குட்டியா மச்சான்?" என்று ஏழுமலை ஒருநாள் குமுறினான்.

"கண்ணுக்குட்டி கத்தினா திரும்பிப் பாக்கும். நீ பாப்பியா?"

வேலை நேரத்தோடு இது நின்றிருந்தால் ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். மச்சான் நடக்கும்போதும் மேலேதான் பார்ப்பார்; அதனால் சாக்கடை, சாணம், கோலம் எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. வைக்கோல் பாரம் ஏற்றிய லாரியை நடுரோட்டில் கைகாட்டி மறித்து, பாரத்தை இறக்கிக் கட்டச் சொல்வார். ஒரு கட்சிக்காரர்கள் கம்பிக்கு அடியில் இரும்புக் கொடிக்கம்பம் நட வந்தார்கள். போய்க் குழியில் நின்றுகொண்டார். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தார்கள்; அதே குழியில் நின்றுகொண்டார். அந்தத் தெருவில் இரண்டு கட்சியும் ஒரே குரலில் பேசிய விஷயம் மச்சானைத் திட்டியது ஒன்றுதான்.

ஒருநாள் ஆபீசுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நானும் வேலை நடக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். தண்ணீர் வருகிற நேரம் என்பது ஒரு தனி நேரம். மாவு மாதிரி பறந்த புழுதி கறுக்கும், கனக்கும், சேறாகித் தெறிக்கும். அப்புறம் தண்ணீர் பீறிக்கொண்டு மேலே வரும். வீட்டுக்காரர் அழுவார். பக்கத்து வீட்டுக்காரர், ஆறு மாதமாகப் பேசாதவர், ஓடிவந்து கட்டிக்கொள்வார். எல்லோரும் குனிந்து குழியைப் பார்த்துக்கொண்டிருக்க, சிவப்பு சேரில் ஒரு முதுகு மட்டும் அசையாமல் இருந்தது.

"ஒரு தடவ திரும்பிப் பாத்தா இன்னா மச்சான்?" என்று கேட்டேன்.

"தண்ணியப் பாக்க ஊரே இருக்குது மேனேஜரு. மேல பாக்க யாரு இருக்கா, சொல்லு?" என்றார் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்புறம் அவரே சொன்னார்: "தண்ணி வர்ற வரைக்கும் எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கும். வந்துட்டா அது பூடும். அப்பதான் டவர எறக்காமலே வண்டிய ஒரு அடி பின்னால எடுப்பான். அந்த ஒரு அடிக்குத்தான் நான் உக்காந்துகினு இருக்கேன்."

எனக்கு என்னவோ போல் இருந்தது. நான் படித்த தடித்தடியான புத்தகங்களில் எல்லாம் சந்தோஷத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சந்தோஷமாக இருப்பவர்களை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிய மாதிரி ஞாபகம் இல்லை.

இனி என் கதை. மழை பொய்த்த ஒரு கார்த்திகையில், வேங்கிக்காலில் நான் கட்டிக்கொண்டிருந்த வீடு பாதிச் சுவரோடு நின்றது. காரணம், தண்ணீர் இல்லாதது. ஒரு போர் போடத் தெம்பு இருந்தது. அது பொய்த்தால் இன்னொன்று போட வழி கிடையாது. "தண்ணி வந்தா வீடு. இல்லாட்டி அந்தச் சுவத்துல நீங்க மட்டும் போய் சாஞ்சிக்கினு புத்தகம் படிங்க" என்று என் மனைவி திட்டவட்டமாகச் சொல்லியிருந்தாள்.

மேற்பார்வைக்கு என் மாமனார் வந்திருந்தார். தாசில்தார் ஆபீசில் ஓய்வு பெற்று, வாஸ்துவில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தவர். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு மனை முழுக்க நடந்தார். சொல்லிவைத்தாற்போல் அது ஈசானிய மூலையில் எழுந்து நின்றது. மாமனாருக்குப் புல்லரித்துவிட்டது. அந்த மூலைக்கு நேர்மேலே மின்கம்பி ஓடியது. அதில் ஒரு காக்கை உட்கார்ந்து கத்திக்கொண்டும் இருந்தது. நாங்கள் காக்கையைப் பார்த்தோம், நல்ல சகுனம் என்றோம். அது உட்கார்ந்திருந்த கம்பியைப் பார்க்கவில்லை.

ஆபீசுக்குப் போன் போட்டேன். முதலாளியே எடுத்து, "வண்டி கெளம்பிடுச்சு மேனேஜர்" என்றார். என் சொந்தப் படைப்பை எனக்கே வாசித்துக் காட்டுகிறார் என்று புரிந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

ஒருவழியாக வண்டி வந்தது. மச்சான் இறங்கினார், அண்ணாந்தார், கக்கத்தில் இருந்த சிவப்பு சேரை எடுத்தார். மஞ்சள் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நறுக்கியிருந்த அந்த இடத்துக்குமேலேயே அதைப் போட்டு உட்கார்ந்தார்.

"யாருய்யா இவன், கங்கம்மா தலமேலயே உக்காந்துகினு!" என்று மாமனார் அலறினார்.

"மச்சானுங்க" என்றான் ஏழுமலை.

"யாருக்கு மச்சான்?"

"எல்லாருக்கும்ங்க."

கரெண்டை நிறுத்தச் சொல்லி நான் ஈ.பி. ஆபீசுக்கு ஓடினேன். அவர்கள் நியாயமாகத்தான் பேசினார்கள். தீபத் திருவிழா. தேர் வருவதற்காக மாட வீதிகளில் கம்பி கழற்ற லைன்மேன்கள் எல்லோரும் போயிருக்கிறார்கள். திருவிழா முடிந்து வாருங்கள் என்றார்கள். வண்டியோ அன்று சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் போயாக வேண்டும். அங்கே ஒருவருக்கு, வண்டி கிளம்பிவிட்டதாக நானே முந்தின நாள் சொல்லியிருந்தேன்.

"சட்டுனு தூக்கி, சட்டுனு எறக்கிடறேன் மச்சான். ஜாஸ்தி நேரம் ஆவாது" என்றான் ஏழுமலை.

"அதான் டிரைவரே சொல்றாரே! ஈசானியத்த விட்டு ஒரு அடி நகர மாட்டேன்" என்றார் மாமனார்.

மச்சான் சேரில் இருந்தபடியே, மேலே பார்த்தபடியே பேசினார். "மாமா, மேனேஜரு இப்ப இன்னா சொன்னாரு, கேட்டீங்க இல்ல? சாமி தேருக்கே கம்பிய கழட்டிட்டுத்தான் வடம் புடிக்கறாங்க. அண்ணாமலையாருக்கே அதான் ரூலு. ஏழுமலைக்கு மட்டும் தனி ரூலா?"

மாமனாரால் சாமியை எதிர்த்துப் பேச முடியவில்லை. நீரோட்டக்காரரிடம் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். அவர் தரையையே பார்த்துக்கொண்டு நடந்தார். மச்சானும் எழுந்து, எந்த இடத்தில் மேலே காலியாக இருக்கிறது என்று ஆகாயத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். ஒருவர் பூமி, ஒருவர் வானம். மனைக்கு நடுவில் இருவரும் நெற்றியோடு நெற்றி மோதிக்கொண்டார்கள். தேங்காய் கீழே விழுந்து, உருண்டு, கம்பிக்கு நன்றாகத் தள்ளி மறுகோடியில் போய் நின்றது.

நீரோட்டக்காரர் நெற்றியைத் தடவிக்கொண்டே அதைத் தொழில்முறையில் ஆராய்ந்தார். "இங்கயும் ஓட்டம் இருக்குதுங்க. கொஞ்சம் கம்மி."

"அது அக்னி மூலை! அங்க போய்த் தண்ணியா? வீடு வெளங்குமா?" என்றார் மாமனார்.

"அக்னி அங்கியா இருக்குது மாமா? உங்க ஈசானியத்துக்கு மேலதான் ஓடுது. நீங்களே பாருங்க."

மாமனார் அன்றைக்கு முதல்முறையாக அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "டவரு எம்மாம் ஒசரம் வரும்?" என்று கேட்டார். ஏழுமலை கையைத் தூக்கிக் காட்டினான். அவன் விரல் கம்பியைத் தாண்டிப் போயிற்று. மாமனார் கம்பியை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

"பசங்க இருக்குதாப்பா உனக்கு?"

"ரெண்டு பொண்ணுங்க."

"தேங்கா கெடக்கற எடத்துலயே போடு" என்றார் மாமனார்.

மத்தியானம் முழுக்கப் புழுதிதான். துளை போடும் ராடு மேல் ராடு இறங்கியது, பாறைத்தூள் வந்தது, தண்ணீர் வரவில்லை. என் மனைவி குழியைப் பார்க்காமல் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய்ந்த நேரத்தில் புழுதி கொஞ்சம் கறுத்தது. அந்த அடையாளம் எனக்குத் தெரியும். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, நேரே மச்சானிடம் போனேன்.

"மச்சான், கயித்தக் குடுங்க. நீங்க போய்ப் பாருங்க."

"உன் ஊட்டுத் தண்ணி மேனேஜரு. நீ பாக்காம நானா?"

"தண்ணியப் பாக்க ஊரே இருக்குது."

அவர் முதல்முறையாகக் கம்பியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "கண்ண எடுக்க மாட்டியே?" என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். நம்பாமல் பிரசங்கம் முழுவதையும் ஒப்பிக்க வைத்து, அதற்கப்புறம்தான் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சிவப்பு சேரில் உட்கார்ந்து அண்ணாந்தேன். கம்பி. காக்கை. முதுகுக்குப் பின்னால் ஈர மண் வாசனை வந்தது. மாமனார் "கங்கம்மா!" என்று கத்தினார். என் மனைவி அழுதாள், சிரித்தாள், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்; எங்கள் குடும்பத்தில் அதுவரை நடக்காத விஷயம். திரும்பாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

ராடுகளை உருவி முடித்தார்கள். "கற்பூரம் காட்டணும், பொம்பளைங்க நிக்க எடம் இல்ல. வண்டிய ஒரு அடி பின்னால எடுப்பா!" என்றது ஒரு குரல். மாமனார்தான். எஞ்சின் உறுமியது. பின்னால் ஈசானிய மூலை. அண்ணாந்திருந்த என் கண்ணுக்குள், நிமிர்ந்து நின்ற டவரின் உச்சி பக்கவாட்டில் நுழைந்து, ஒரு அடியோடு நிற்காமல் மெல்லக் கம்பியை நோக்கி நகர்ந்தது.

இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஏழுமலையின் கை முழங்கைவரை வந்துவிட்டது. "யோவ்!" என்று கத்தினான். அப்புறம் மேலே பார்த்தான். வண்டி நின்றது. முதல் வேலையாக டவரை இறக்கிப் படுக்கவைத்தான். மாமனார் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

இத்தனைக்கும் மச்சான் திரும்பவே இல்லை. குழிக்குப் பக்கத்தில் சட்டையெல்லாம் சேறாக, வாயைத் திறந்தபடி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் வீட்டுப் போரில் தண்ணீர் வந்ததை நான் பார்த்ததில்லை. எப்படி வந்தது என்று அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறமும் எங்கே கண்டாலும் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயர்த்தியே சொல்வார். கடைசியாகச் சொன்னபோது தண்ணீர் கம்பியைத் தொடுகிற உயரத்துக்குப் போயிருந்தது. நிறுத்தச் சொல்லி நான் கயிற்றை இழுக்கவில்லை.