கிருபாகரன் அடித்த கோல்

நான் கல்லூரிக்காக உதைபந்தாடியது ஒரே ஒரு முறை. அதையும் என் பெயரில் ஆடவில்லை. பதிவின்படி அன்றைக்கு ஆடியவன் கிருபாகரன். அந்த நேரம் கிருபாகரன் எங்கே இருந்தான், இருந்தானா இல்லையா என்பதே ஒருவருக்கும் தெரியாது. இதை எழுதும்போது இப்போதும் பிடரி குளிர்கிறது. (பந்து பட்ட இடமும் அதுதான்.)

சண்டைக் காலம். யாழ்ப்பாணத்தில் படிப்பைப் பாதியில் விட்டுக் கொழும்புக்கு வந்தவன் நான். புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் இரண்டு வருடம் சேலை விரித்தேன், மடித்தேன். பிறகு மாமா ஒருவர் பிடிவாதமாக என்னைக் கொட்டாஞ்சேனையில் ஒரு கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பதினெட்டு வயது. படிப்பு ஏறவில்லை. ஆனால் பந்தில் எங்கள் ஒழுங்கையில் என்னை மிஞ்ச ஆளில்லை. (மற்ற ஒழுங்கைகளில் நான் விளையாடியதில்லை.)

முதல் நாள் வகுப்பில் யன்னலோரம் ஒரு கதிரை காலியாக இருந்தது. போய் இருந்தேன். பக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்க்காமல் சொன்னான், "எழும்பு. அது கிருபான்ர இடம்."

கிருபா எட்டு மாதத்துக்கு முன், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு கனடாவுக்கு வெளிக்கிட்டவன். மொஸ்கோவில் இறங்கியதாகத் தகவல். பிறகு கடிதமும் இல்லை, போனும் இல்லை. பெயரை வெட்டினால் பிள்ளை இல்லையென்று தானே ஒத்துக்கொண்டது போலாகிவிடும் என்று அவனுடைய அம்மா கல்லூரிக்கு வந்து அழுதிருக்கிறார். அதனால் வகுப்பு டீச்சர் தினமும் காலையில் அவன் பெயரைக் கூப்பிடுவார். நாங்கள் மூச்சுக்கூட விடமாட்டோம். டீச்சர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, வந்திருப்பதாக அடையாளம் போடுவார். அந்தக் கதிரையில் ஒரு நாளும் தூசி இருந்ததில்லை. யார் துடைக்கிறார்கள் என்று கடைசிவரை எனக்குத் தெரியவரவில்லை.

எனக்கு அணியில் சேர வேண்டும். மைதானத்தில் ஒருமுறை இறங்கிவிட்டால் நான் கடைப்பெடியன் இல்லை, கல்லூரிப்பெடியன்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. பந்துக்குப் பொறுப்பான பெனடிக்ற் மாஸ்டர் விதியை எடுத்துக் காட்டினார். முந்திய வருடம் முழுக்க இதே கல்லூரியில் படித்திருக்க வேண்டும். புடவைக்கடை வருடத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார்களா என்று கேட்டேன். சேலை மடிப்பில் போட்டி வைத்தால் எடுப்பார்கள் என்றார்.

ஆனால் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பின்வரிசையில் ஆடுகிறவன் ஒருவன் காலை முறித்துக்கொண்டான். மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். பதிவேட்டில் கிருபாகரனைப்போல ஒழுங்கானவன் இல்லை, ஒரு நாள்கூட லீவு எடுக்காதவன், இனி நீதான் அவன் என்றார். அந்த மடையன், அதாவது நான், துள்ளிக் குதித்தேன்.

அதன்பிறகு பயிற்சி முழுக்க அந்தப் பெயர்தான். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். இரண்டு வாரத்தில் "கிருபா" என்றால் தலை தானாகத் திரும்பும். என் சொந்தப் பெயர் நவம். அதைக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று போய்விடுவேன். பெடியங்கள் "கிருபா, பாஸ்" என்று கத்துவார்கள். கத்தும்போது ஒருவனும் என் முகத்தைப் பார்க்கமாட்டான்.

போட்டியன்று காலை தமிழ்ப் பேப்பரில் அணி விபரம் வந்துவிட்டது. பெயர் போடுவார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் யோசனை போகவில்லை.

முந்திய கிழமை எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. பார்க்க வருபவர்கள் வரவில்லை. இருந்து பார்க்கிற வாங்குகள் எல்லாம் காலி. மழை மெல்லத் தூறியது. இடைவேளைக்குப் பிறகு, எங்கள் கோலுக்குப் பக்கத்தில் கோட்டோரமாக ஒரு அம்மா கறுப்புக் குடையோடு நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த மழைக்குள் குடையை மடக்கினார்.

கடைசி நிமிடங்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணிக்காரன் பந்தை உயர்த்தி அடித்தான். நான் தலையால் வெளியே தள்ளத் தயாராக நின்றேன்.

"கிருபா."

கத்தவில்லை. சாப்பிட வா என்று வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி. என் தலை திரும்பியது. என் வாய் திறந்து, "ஓம் அம்மா" என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் சொல்லவில்லை, அதுவாக வந்தது. பந்து பிடரியில் விழுந்து எங்கள் வலைக்குள் போனது.

அந்த ஒரு கோலோடு எங்கள் கதை முடிந்தது. பெடியங்கள் என்னைத் திட்டிக்கொண்டு போனார்கள். மாஸ்டரைக் காணவே இல்லை. நான் சேற்றில் இருந்தேன். அந்த அம்மா கிட்ட வந்து என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஆரப்பு நீ?"

"நவம்."

"என்ர பிள்ளைக்குப் பந்தடிக்கத் தெரியாது. எண்டாலும் பேப்பரில போட்டிருந்துது. அதுதான் ஒருக்கா பாப்பமெண்டு வந்தனான்."

வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. ஓவென்று அழுதேன். அவர் அழவில்லை. என் தலையைச் சேலைத் தலைப்பால் துவட்டினார். சாப்பிட்டாயா என்று கேட்டார். பஸ் ஏற்றி வெள்ளவத்தையில் அவர்களுடைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்த கிருபாவின் தங்கை வாசுகி, யாரென்று கேட்டாள். "கிருபாவாம்" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். அண்ணா போனபிறகு அன்றைக்குத்தான் அம்மா சிரித்ததைக் கண்டதாக வாசுகி பிறகு சொன்னாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சாப்பாடு. குற்றவுணர்ச்சியில்தான் போனேன். (புட்டும் நன்றாக இருக்கும்.) நாலாவது ஞாயிறு போன் அடித்தது. அம்மா எடுத்தார். எடுத்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். லைனில் வந்த குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா, கிருபா கதைக்கிறன். அந்தக் கோல் நான் அடிக்கேல்லை."

மொஸ்கோவில் ஏஜென்சிக்காரன் இருபது பேரை ஒரு அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறான். போன் தொடவே விடவில்லை. கிருபாவும் பயத்தில் கேட்கவில்லை. அப்போது கொழும்பிலிருந்து புதிதாக வந்த ஒருவன் முறுக்குச் சுற்றிக் கொண்டுவந்த பேப்பரில், 'கிருபாகரனின் சேம் சைட் கோலால் தோல்வி' என்று இருந்திருக்கிறது. அத்தனை மாதம் வாய் திறக்காதவன் அன்றைக்கு ஏஜென்சிக்காரனின் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டுப் போனை வாங்கினானாம். அம்மா அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் செத்தவீடு என்று ஓடிவந்தார்கள்.

கிருபா இப்போது கனடாவில். எந்தக் கல்யாண வீட்டிலும் ஒலிவாங்கி கையில் கிடைத்தால் இதைத்தான் சொல்லுவான்: "நான் பந்தைக் காலால தொட்டதே இல்லை. என்ர பேரில ஒரு கோல் இருக்கு. அடிச்சவன் என்ர தங்கச்சியையும் கட்டிக்கொண்டு போட்டான்."

மாமி எங்களோடுதான் வெள்ளவத்தையில் இருக்கிறார். வயதாகிவிட்டது, பெயர்கள் மாறிப்போகின்றன. உள்ளிருந்து "கிருபா" என்று கூப்பிடுவார். வாசுகி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் "ஓம் அம்மா" என்று திரும்புவேன். திரும்பும்போது, இத்தனை வருடத்துக்குப் பிறகும், தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்வேன்.