காட்டுக்குப் புல் வெட்டியவன்

சுத்தம் என்றால் எனக்கு ஒரு வெறி. குற்றம் முழுவதும் என்னுடையதல்ல. இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். பெரியதுரை தேயிலை மலை பார்க்க வருகிறார் என்றால், எங்கள் ஆட்கள் தண்ணீர் ஓடும் கான் வெட்டி, புல் சுரண்டி, ரோட்டோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு பூசி, மலையையே மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவைப்பார்கள். யாராவது பார்க்க வந்தால் தரை தெரிய வேண்டும். தாய்ப்பாலோடு வந்த அறிவு இது. (தாய்ப்பாலிலேயே தேயிலைத் தூசி கலந்திருந்ததோ என்னவோ.)

சில வருடங்களுக்கு முன்பு மலை ஊற்றிலிருந்து எங்கள் லயங்களுக்குத் தண்ணீர் தரும் பீலிக் குழாய் மெலிந்துபோனது. குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் போய், சொட்டும் சத்தம் வந்தது. பீலிக்கு மேலே, தேயிலை செத்துக் கைவிடப்பட்ட சரிவு. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மண் எங்களைத் தேடிக் கீழே வரும். அங்கே இந்த மலையின் சொந்த மரங்களை நட்டால் ஊற்று பிழைக்கும் என்று தோட்டத்துப் பெண்கள் கிளம்பினார்கள். கிளப்பியவள் என் மனைவி புஷ்பம். மிச்சமிருந்த காட்டுத் துண்டுகளில் விதை பொறுக்கி, பால் பாக்கெட்டுகளில் முளைக்கவைத்து, தம்பா, கீனா என்று முந்நூறு கன்றுகள். எல்லாம் விரல் உயரம். நிழல் இருக்கட்டும் என்று புல்லுக்குள்ளேயே நட்டார்கள். (நட்ட அன்று, பள்ளிக்கூட வாத்தியாரான நான் ஹட்டனில் ஒரு கூட்டத்தில் மரங்களைப் பற்றிக் கவிதை வாசித்துக்கொண்டிருந்தேன்.)

வன இலாகா அதிகாரி வந்து பார்த்து நல்லபடி எழுதினால், சரிவின் மிச்சத்தையும் நிர்வாகம் பெண்களுக்கே தரும். இல்லாவிட்டால் அங்கே விறகுக்கு யூகலிப்டஸ்; பீலிக்கு ஒரு கும்பிடு.

அதிகாரி வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, பெண்களெல்லாம் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, நீங்க மேல போயி நில்லுங்க. பதினோரு மணிக்கு அவங்கள கூட்டிட்டு வர்றோம். வேற ஒண்ணும் செய்யாதீங்க" என்றாள் புஷ்பம்.

கடைசி வாக்கியத்தைக் காற்று கொண்டுபோனது. மேலே ஏறினேன். பனி தன் ஈரச் சேலையை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தது. அவிழ அவிழ, புல். எங்கும் புல். அதிகாரி வருகிற நேரத்தில் இதென்ன கோலம் என்று பதறி, சுரண்டியை எடுத்தேன். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு கவிதை வரி வந்தது. மண் சிவந்து சிரித்தது. மஞ்சள் பூப்பூத்த ஐந்து முட்செடிகள்தான் கம்பீரமாக இருந்தன. இவைதான் கன்றுகள் என்று மண் அணைத்து, சுற்றிலும் கல் வைத்து, கல்லுக்குச் சுண்ணாம்பும் பூசினேன். கையெல்லாம் முள் கிழித்த ரத்தம். தியாகி மாதிரி நின்றேன்.

வந்தார்கள். அதிகாரி சிங்களப் பெண். தமிழை நிதானமாகப் பேசுவார்.

"கன்று எங்க?"

"இதோ, மிஸ்" என்று முட்செடிகளைக் காட்டினேன். "மத்த குப்பையெல்லாம் எடுத்துட்டேன்."

"சேர், இது வெள்ளைக்காரன் கொண்டு வந்த முள்ளு. இதைப் புடுங்கத்தான் எனக்குச் சம்பளம்."

பக்கத்து லயத்து மாரியாயி அக்கா சுற்றும்முற்றும் பார்த்தார். "அந்தக் குப்பை எங்க, தம்பி?"

மெத்தை மாதிரி சதுரமாக அடுக்கிவைத்திருந்த குவியலைக் காட்டினேன். புஷ்பம் கத்தினால் பிழைத்துக்கொள்ளலாம். அவள் குரல் தணிந்தது.

"எத்தன மணிக்குப் புடுங்குனீங்க?"

"எட்டரைக்கு ஆரம்பிச்சேன்..."

"வேரு காஞ்சிருக்காது. எல்லாரும் உக்காருங்கடி."

உட்கார்ந்தார்கள். வருடக்கணக்காகக் கொழுந்து பறித்த விரல்கள். கண் குவியலைப் பார்ப்பதற்கு முன்பே விரல் கன்றைக் கண்டுபிடித்தது. புல் ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம். நானும் உட்கார்ந்தேன்.

"வாத்தியாரே, நீங்க தொடாதீங்க. தண்ணி மட்டும் தூக்குங்க" என்றார் மாரியாயி அக்கா.

தூக்கினேன். சொட்டும் பீலியில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்பதை அன்றுதான் என் முதுகு படித்தது. சிறிது நேரத்தில் அதிகாரியும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். சமைத்த சோறு ஆறிப்போயிருந்தது. சாரல் பிடித்தபோது முக்கால்வாசிக் கன்றுகள் மறுபடி மண்ணில் நின்றன. பிடுங்கிய புல்லையே அவற்றுக்கு மூடாக்காகப் போட்டிருந்தார்கள்.

"இவங்களுக்கு நிலம் குடுக்கலாம்" என்றார் அதிகாரி, கை கழுவிக்கொண்டே. பிறகு என்னைப் பார்த்தார். "சேருக்கு மட்டும் வேண்டாம்."

சரிவு முழுவதும் கிடைத்தது. இப்போது தம்பா மரங்கள் என்னைவிட உயரம். பீலியில் குடத்தை வைத்துவிட்டு ஊர்வம்பு ஆரம்பித்தால், முடிவதற்குள் வழிந்துவிடுகிறது.

இந்த வருடம் மகளை வலப்பனையில் கட்டிக்கொடுத்தோம். பெண் பார்க்க வந்த அன்றே, "அப்பா என்னம்மா செய்றாங்க?" என்று கேட்டவர்களிடம் அவள் முழுக் கதையையும் சொல்லி முடித்திருந்தாள். சம்பந்தி வீட்டில், வெங்காயத்தாள் மாதிரி நிற்கும் லீக்ஸ் தோட்டம் இருக்கிறது. நான் படலையைத் திறப்பதைக் கண்டதும் சம்பந்தியம்மா எழுந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்த பிறகுதான் சொல்கிறார்: "வாங்க சம்பந்தி, உக்காருங்க."