திருநீற்றுக்கு வந்த பசளை

வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையிலும் அந்தப் பக்கம் படுவான்கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், சாணியைக் கண்டதும் முகம் மலர்கிற குருவானவர் ஒருவர்தான் அகப்படுவார். ஊர் அவருக்குச் சாணிப் பாதர் என்று பெயர் வைத்தது. அவருக்கும் அது தெரியும். மோட்டார் சைக்கிளில் பூசைக்குப் போகிற வழியில் சாணி கிடந்தால், இறங்கிப் பையில் அள்ளிக்கொண்டுதான் போவார். பூசை பிந்தும், சாணி பிந்தாது.

வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் பன்னிரண்டு பேருக்குக் கோயில் வளவில் அவர் விவசாயம் படிப்பித்தார். யூரியா என்பது அங்கே கெட்ட வார்த்தை. சாணியும் சருகும் எருவாகிற பசளைக் குவியலைச் சுற்றி நின்று முதலில் செபம். யாராவது சிரித்தால், "உள்ளுக்க கடவுள் வேலை செய்யிறார், சத்தம் போடாதீங்க" என்பார். பிறகு குவியலில் குத்தியிருந்த தடியை உருவி, கன்னத்தில் வைத்துச் சூடு பார்க்கச் சொல்வார். நாங்கள் கன்னத்தில் சாணியோடு வீடு போவோம்.

நான் சைவப் பிள்ளை. எனக்கென்று ஒரு குவியல் தந்தபோது, "காஞ்சதெல்லாம் போடு புள்ள" என்றார். கோயில் பின்னறையில் ஒரு சாக்கு நிறையக் காய்ந்த ஓலை இருந்தது. சந்தோசமாக நறுக்கிப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, திருநீற்றுப் புதனுக்கு முதல்நாள், கோயிலைப் பார்க்கும் மூப்பர் அந்தச் சாக்கைத் தேடி வந்தார். போன வருடம் பூசையில் ஆசீர்வதித்த குருத்தோலைகளாம். வீடு வீடாகச் சேர்த்தவையாம். அவற்றை எரித்த சாம்பலைத்தான் மறுநாள் சனத்தின் நெற்றியில் பூசுவார்களாம். என் குவியலைக் காட்டினேன்.

"வேற மதத்துப் புள்ளையளச் சேர்த்தா இப்பிடித்தான் பாதர். நாளையில இருந்து இவள் வரக்கூடாது" என்றார் மூப்பர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓ.எல். பரீட்சையில் கோட்டைவிட்ட எனக்கு அந்த வளவை விட்டால் வீட்டு அடுப்படிதான்.

பாதர் என் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். ஓலை உக்கிக் கறுத்து மண்ணாகியிருந்தது.

"அரிதட்ட எடுங்க மூப்பர்" என்றார்.

மறுநாள் கோயிலில் அத்தனை நெற்றியிலும் அரிதட்டில் சலித்த என் பசளை. "எரிச்சாலும் மண்தான், உக்கினாலும் மண்தான்" என்று பிரசங்கத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டார். முதல் நெற்றி மூப்பருடையது. மூக்கைச் சுருக்கியபடி காட்டிக்கொண்டு நின்றார்.

பூசை முடிந்ததும் பாதர் கடைசி வரிசை வாங்குக்கு வந்தார். நான் அங்கேதான் ஒளிந்திருந்தேன்.

"நாளைக்குக் குவியல் புரட்டோணும். வேளைக்கு வா புள்ள."

வேளைக்கே போனேன். அந்த மனுசன் கூப்பிட்டால் இன்றைக்கும் போவேன்.