குறையே இல்லாத குறை

குறைதீர்ப்புப் பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்கினார் இலை சார். ஒரு மிட்டாய்த் தாள் விழுந்தது. பின்னாலேயே ஒரு பல்லி விழுந்து ஓடியது.

"அவ்வளவுதானா?" என்றார் முதல்வர்.

"பல்லிக்கு ஏதாவது குறை இருந்திருக்கலாம் சார். சொல்லாம போயிடுச்சு."

முதல்வர் சிரிக்கவில்லை. தர மதிப்பீட்டுக் குழு போன முறை வந்தபோது கல்லூரியைப் பற்றி ஒரே ஒரு கவலைதான் தெரிவித்திருந்தது. பெட்டியில் பல வருஷங்களாக ஒரு புகார்கூட விழவில்லை. மாணவர்கள் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள் போலும். அது சரியாகிவிட்டதா என்று பார்க்க அடுத்த வாரம் மறுபடியும் வருகிறார்கள்.

"குறைதீர்ப்புக் குழுத் தலைவர் நீங்கதானே? அவங்க திருப்தியா போகலைன்னா உங்க கண்ணாடி அறையை வணிகவியலுக்குக் கொடுத்துடுவேன். இடம் பத்தலைன்னு உயிரை எடுக்கறாங்க."

இலை சார் பெட்டியை மறுபடியும் ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். அவர் தாவரவியல் ஆசிரியர். இலை என்பது மாணவர்கள் வைத்த பெயர். கண்ணாடி அறையில் அவர் பிள்ளை மாதிரி வளர்த்த ஆர்க்கிட் செடிகள் இப்போதுதான் மொட்டு விட்டிருந்தன.

நேரே வகுப்புக்குப் போனார். "ஆளுக்கொரு குறை எழுதிப் பெட்டியில போடுங்க."

"சார், பெட்டி பிரின்சிபால் ரூம் வாசல்ல இருக்கு. மேல கேமரா வேற," என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

"பயப்படாதேம்மா. யார் எழுதினாங்கன்னு பார்க்கவே மாட்டோம்."

"பார்க்கலைன்னா இன்டர்னல் மார்க் எப்படி சார் போடுவீங்க?" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

மார்க் என்றதும் மொத்த வகுப்பும் குனிந்து எழுதியது. மாலைக்குள் பெட்டி நிரம்பிவிட்டது. ஒவ்வொரு தாளிலும் பெயர், பதிவு எண், அதன்கீழ் ஒரே வரி: 'எங்கள் கல்லூரியில் குறை ஏதும் இல்லை. நன்றி.'

அன்றிரவு வீட்டில், மாணவர்கள் எழுதுவதுபோலத் தாமே புகார் எழுத உட்கார்ந்து அவர் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தொலைபேசி நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார் கேட்கும் வேலை.

"தள்ளுங்க, நான் எழுதறேன். நாள் பூரா அடுத்தவங்க குறையைக் கேட்டே காது தேயுது. ஒரு நாள் நான் சொல்லிக்கறேனே."

சாய்த்து எழுதினாள், நிமிர்த்தி எழுதினாள், கிறுக்கி எழுதினாள். கையெழுத்து தாளுக்குத் தாள் மாறியது. 'ழ'வின் வால் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சுருண்டு நின்றது. நூலகக் கூரை ஒழுகுகிறது. கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரண்டாம் மாடியில் குடிநீர் இயந்திரம் ஓடவில்லை. தாவரவியல் ஆசிரியர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

"இது எதுக்கு?"

"நம்பணும்ல?"

மறுநாள் முதல்வர் தாள்களைப் புரட்டிப் பார்த்துப் பூரித்துப்போனார். உடனே முகம் மாறியது. "குறை வந்தாச்சு. தீர்த்ததுக்கு ஆதாரம் எங்கே? தீர்க்காத குறை, வராத குறையைவிட மோசமாச்சே!"

இரண்டாம் மாடியில் குடிநீர் இயந்திரமே கிடையாது. இலை சாரின் மனைவி கல்லூரியை வாசல் வரைக்கும்தான் பார்த்திருந்தாள். வேறு வழியில்லாமல், கீழ்த்தளத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரே இயந்திரத்தை நாலு பேர் தூக்கி மேலே வைத்தார்கள். 'பழுது நீக்கப்பட்டது' என்று அட்டையும் தொங்கியது.

கீழ்த்தளத்து மாணவர்கள் தாகத்தோடு படியேறினார்கள். இரண்டாம் மாடிக்காரர்கள் கூட்டத்தைத் தாங்க முடியாமல் கத்தினார்கள். அன்று மாலை, கேமராவைப் பற்றிக் கவலைப்படாமல், கல்லூரி வரலாற்றிலேயே முதல் அசல் புகார் பெட்டியில் விழுந்தது. அதற்கு மேல் இன்னொன்று. இருட்டுவதற்குள் பெட்டியின் பூட்டு தெறித்துவிட்டது.

"என்னய்யா இது?" என்று முதல்வர் தலையில் கை வைத்தார். "பெட்டியில குறை இருக்கணும்னுதான் சொன்னேன். காலேஜ்ல இருக்கணும்னா சொன்னேன்?"

ஆசிரியர் மேல் வந்த புகாருக்கும் நடவடிக்கை வேண்டுமே? குழுத் தலைவரான இலை சார் தம்மையே எதிரில் உட்காரவைத்து விசாரித்து, தமக்கே எச்சரிக்கை எழுதி, அதைத் தாமே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

தர மதிப்பீட்டுக் குழு வந்தது. தலைவி அம்மையார் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கப் போக, உடன் வந்த வழுக்கைத் தலைக்காரர் மட்டும் இலை சாரின் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு ஏதோ கல்லூரிப் பேராசிரியராம். பேசவே இல்லை. ஒவ்வொரு புகாரையும் கைபேசியில் படம் பிடித்தார்.

"பெட்டி எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டார் ஒருமுறை.

"இங்கேதான் சார், பக்கத்துக் கடையில."

"ம்."

மேஜையில் இலை சாரின் சாப்பாட்டுப் பை இருந்தது. அதன்மேல் மனைவி ஒட்டியிருந்த சீட்டு: 'பழத்தை அப்படியே திருப்பிக் கொண்டு வராதீங்க.' வழுக்கைத் தலைக்காரர் சீட்டைப் பார்த்தார். கையிலிருந்த புகாரைப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

இலை சாரின் கண் முன்னால் ஆர்க்கிட் தொட்டிகள் ஒவ்வொன்றாக வெயிலில் இறங்கின.

அப்போது தலைவி அம்மையார் முதல்வரோடு உள்ளே வந்தார். "மாணவர்கள் படியில என்னை நிறுத்தி நேர்லயே குறை சொன்னாங்க. அவ்வளவு சுதந்திரம்! எங்க கவலை தீர்ந்தது. நீங்க என்ன சொல்றீங்க சார்?"

வழுக்கைத் தலைக்காரர் புகாரை மடித்து மற்றத் தாள்களுக்கு அடியில் வைத்தார். "எனக்கும் திருப்திதான் மேடம்."

முதல்வர் இலை சாரின் முதுகில் தட்டினார். "கண்ணாடி அறை உங்களுக்குத்தான்யா!"

எல்லோரும் கிளம்பினார்கள். வழுக்கைத் தலைக்காரர் மட்டும் வாசலில் நின்று, திரும்பி வந்து, கதவைச் சாத்தினார். இலை சார் எழுந்து நின்றார்.

"அடுத்த மாசம் குழு எங்க காலேஜுக்கு வருது சார், எங்க பெட்டியும் காலிதான்," என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "உங்க வீட்டம்மாவுக்கு நேரம் இருக்குமா?"