தலைமை எழுத்தாளரின் முன்னறை

மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி. மேசை மேல் ஐந்நூறு விசிட்டிங் கார்டுகள். மேசைக்குப் பின்னால் கத்தரியார்.

அது பெற்றோர் வைத்த பெயரல்ல. ஒரு தினசரியில் இருபத்திரண்டு வருஷம் உதவி ஆசிரியராக உட்கார்ந்து, நிருபர்கள் எழுதியதையெல்லாம் சிவப்புப் பேனாவால் வெட்டித் தள்ளியதற்குச் சக ஊழியர்கள் கொடுத்த பட்டம். அமைச்சர் ஒரு மணி நேரம் பேசினாலும் கத்தரியார் கைக்கு வந்தால் நாலு வரிதான். ஒரு நிருபர் தன் கல்யாணப் பத்திரிகையை அவரிடம் காட்டவே பயந்தார். மாப்பிள்ளை பெயர் மிஞ்சுமோ என்று சந்தேகம்.

அந்த வேலையை அவர் விட்ட காரணம் சின்னது. இரண்டு நாள் விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தார். செய்தியைத் தள்ளி வைக்கும்போது எழுதுவார்களே, அதே போல செய்தி ஆசிரியர் அந்தத் தாளின் மேலேயே "இடமில்லை, நாளை பார்க்கலாம்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலையே கத்தரியார் ராஜினாமா செய்தார். இனி யாரிடமும் விடுப்புக் கேட்பதாக இல்லை. சுதந்திர எழுத்தாளர். தனக்குத் தானே ராஜா.

ராஜாவுக்கு அரண்மனை வேண்டும். அந்த வீட்டில் வெளிச்சம் வருவது தெருவைப் பார்த்த முன்னறை ஒன்றில்தான். அதன் மேல் அவர் மனைவிக்கும் ரொம்ப நாளாகக் கண். சலவைக் கடைகளிலிருந்து வரும் துணிகளுக்கு ஆல்ட்டரேஷன் செய்து தருவது அவள் தொழில். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது. தையல் மிஷின் சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. யாராவது ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமானால் அவள் எழுந்து நிற்க வேண்டும்.

"ஜூன் முப்பது வரைக்கும் ரூம் உங்களுக்கு," என்றாள். "அதுக்குள்ள நிரந்தரமா ஒரு வாடிக்கையாளர் கிடைச்சா ரூம் உங்களோடது. இல்லைன்னா என் மிஷின் ஜன்னலோரம் வந்துடும்."

"ஒருத்தர் என்ன ஒருத்தர்? ஒன்பது பேர் வருவாங்க."

"ஒருத்தர் போதுங்க. ஒன்பது பேருக்கு நாற்காலி இல்லை."

கார்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பெயருக்குக் கீழே 'தலைமை எழுத்தாளர்' என்றிருந்தது.

"தலைமைன்னா, உங்களுக்குக் கீழே யாரு?"

"இப்போதைக்கு நாற்காலி."

"மேலே?"

"மேலே ஃபேன்."

அவள் கார்டை மேசையில் வைத்துவிட்டு மிஷினுக்குப் போனாள். பத்திரிகையில் இருந்தவரை கத்தரியார் கனவு கண்ட உச்சிப் பதவி தலைமை உதவி ஆசிரியர். கிடைக்கவே இல்லை. சொந்தத் தொழிலில் எந்தப் பட்டத்தையும் போட்டுக்கொள்ளலாம் என்றதும் கை தானாக 'தலைமை' என்று எழுதிவிட்டது. அதற்கும் மேலே ஒரு பதவி உண்டு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து விளம்பரம். வங்கியில் காசோலை போடும் பெட்டி மேல், முடிதிருத்தும் கடைக் கண்ணாடி இடுக்கில், பல் டாக்டரின் வரவேற்பறையில் எல்லாம் கார்டு வைத்தார். பல் வலிக்காரர்கள் கார்டின் பின்பக்கத்தில் அடுத்த முறை வர வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். இணையதளம் ஒன்று திறந்தார். வந்து பார்த்தவர்களில் பாதி அவரே. மீதி, சரியாகத் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவர் அனுப்பிய மனைவி.

மே மாதம் பிறந்தது. போன் வாயைத் திறக்கவில்லை. கத்தரியார் கலங்கவில்லை. எழுத்தில் குறையில்லை, அமைப்பில்தான் குறை என்று கண்டுபிடித்தார்.

"இனிமே போனை நீ எடு," என்றார் மனைவியிடம்.

"நான் எதுக்கு?"

"எழுத்தாளரே போன் எடுத்தா அவருக்கு வேலை இல்லைன்னு அர்த்தம். நாலு தடவை அடிக்க விட்டுட்டு எடு. சார் மீட்டிங்ல இருக்கார்னு சொல்லு."

"யாரோட மீட்டிங்?"

"அதையெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க."

"நான்னா கேப்பேன்."

"இந்தா, கேக்குறவங்களுக்கு இது ஒரு கம்பெனின்னு தோணணும். அவ்வளவுதான் விஷயம்."

"கம்பெனின்னு தோணணும். சரிங்க. தோண வெச்சிடலாம்."

அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றது அவருக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும். பெருமையைத்தான் தந்தது. போகிற போக்கில் அவள் ஒரு கட்டு கார்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் முதல் வாரத்தில் போன் அடித்தது. கத்தரியார் முன்னறைக் கதவில் காதை வைத்துக் கேட்டார். மனைவி மிஷினை மிதித்துக்கொண்டே பேசினாள்.

"சார் மீட்டிங்ல இருக்கார்... சொல்லுங்க, என்கிட்டயே சொல்லலாம்... அந்தச் சத்தமா? அது உள்ளே வேலை நடக்குதுங்க... வெள்ளிக்கிழமையா? குடுத்துடலாம்."

பேசியவர் மெத்தைக் கடைக்காரர். கடை நோட்டீசுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டுமாம்.

கத்தரியார் ஒரே மூச்சில் ஒரு பக்கம் எழுதினார். தூக்கத்தின் வரலாறு, முதுகுத் தண்டின் பெருமை, பஞ்சின் வகைகள் எல்லாம் அதில் இருந்தன. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கை சிவப்புப் பேனாவைத் தேடியது. முதலில் வரலாறு போனது. மறுநாள் முதுகுத் தண்டு போனது. அதற்கு மறுநாள் பஞ்சு பறந்தது. வெள்ளிக்கிழமை மனைவி கையில் தாளைக் கொடுத்தபோது அதில் மிஞ்சியிருந்தது இவ்வளவுதான்: 'படுத்துப் பாருங்கள். எழுந்ததும் பேசுவோம்.'

"ஒரு பக்கம்ல கேட்டாரு?"

"மீதி எல்லாம் தேவையில்லாதது."

"அந்தத் தேவையில்லாததை எழுதினது யாரு?"

"நான்தான்."

"வெட்டினது?"

"அதுவும் நான்தான்."

"அப்போ ரெண்டு கூலி," என்று போனை எடுத்தாள்.

"ஆமாங்க, ஒரு வரிதான்... இல்லைங்க, கூலி அதேதான். பேன்ட் நீளத்தைக் குறைக்கக் குடுக்கறீங்க, துணி குறைஞ்சு போச்சேன்னு கூலியைக் குறைப்பீங்களா?... ஒரு பக்கத்தை யார் வேணா எழுதிடலாம். அதை ஒரு வரியாக்க எங்க ஆளால மட்டும்தான் முடியும்."

'எங்க ஆள்' என்பது கத்தரியார் காதில் விழுந்தது. வியாபாரப் பேச்சு என்று விட்டுவிட்டார்.

நோட்டீசைப் பார்த்து ஜனங்கள் கடைக்கு வந்தார்கள். படுத்துப் பார்த்தார்கள். ஒருவர் குறட்டையே விட்டார். அவரைப் பார்த்து மூன்று பேர் மெத்தை வாங்கினார்கள். ஜூன் கடைசியில் கடைக்காரர் நேரில் வருவதாகப் போன் செய்தார். எல்லாக் கிளைகளுக்கும் ஒரு வருஷம் எழுதித் தர ஒப்பந்தம்.

கத்தரியார் ஏற்பாடு செய்தார். தான் மேசைக்குப் பின்னால். மனைவி காரியதரிசி. காபியோடு வந்து, 'சார், இன்னும் பத்து நிமிஷத்தில் அடுத்த மீட்டிங்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவளும் தலையாட்டினாள்.

மணி அடித்ததும் ஆர்வத்தில் கத்தரியாரே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அது முதல் பிசகு. வந்தவர் அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மேடம் இருக்காங்களா?"

"நான்தான்..." என்று கார்டை நீட்டினார் கத்தரியார்.

"தெரியும் சார், என்கிட்டயே ஒண்ணு இருக்கு. தலைமை எழுத்தாளர். உங்க வரி பிரமாதம். இது பணவிஷயம், முதலாளியம்மாகிட்ட பேசிக்கறேன்."

மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "உட்காருங்க" என்றாள். அறையில் நாற்காலி இரண்டு. ஒன்றில் அவர் உட்கார்ந்தார். மேசைக்குப் பின்னால் இருந்ததில் அவள் உட்கார்ந்தாள். கத்தரியார் சுவரோரம் நின்றார்.

"சலவைக் கடையில ஆல்ட்டரேஷனுக்குக் குடுத்த பேன்ட் மேடம். போட்டுக்கிட்டுப் பாக்கெட்ல கையை விட்டா உங்க கார்டு. கண்ணாடியில ஒட்டினா கிழிச்சிடுவான். பாக்கெட்ல இருந்தா எடுத்துப் படிச்சுத்தானே ஆகணும்? முப்பது வருஷமா வியாபாரம் பண்றேன், எனக்கு இது தோணலை. யார் யோசனை?"

"கம்பெனி யோசனைங்க."

"தையலும் எழுத்தும் ஒரே கம்பெனியா?"

"ரெண்டும் வெட்டுற வேலைதானேங்க."

கத்தரியார் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அதே நேரம் கடைக்காரர் ஒப்பந்தத் தாளை மேசையில் வைத்தார். இத்தனை வருஷம் தாளில் வாக்கியங்களை வெட்டியவர், முதல் தடவையாக ஒன்றை வாய்க்குள்ளேயே வெட்டினார்.

"தண்ணி கொண்டு வாங்க," என்றாள் மனைவி. கொண்டு வந்தார்.

கடைக்காரர் கை கழுவச் சமையலறைக்குப் போய்விட்டு வந்து, தலையை ஆட்டினார். "எழுத்தாளர் ஜன்னலோரம், முதலாளி ஃபிரிட்ஜ் இடுக்குல. இப்படி ஒரு பெருந்தன்மையை நான் எங்கயும் பார்த்ததில்லை மேடம். ஆனா அடுத்த தடவை என் கடைப் பங்காளிங்களும் வருவாங்க. அவங்க கம்பெனியைத் தப்பா நினைச்சிடுவாங்க."

"மாத்திடலாங்க."

அவர் போன பிறகு கத்தரியார் மார்பை நிமிர்த்தினார். "ஜூன் முப்பதுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நிரந்தரமா வாடிக்கையாளர் வந்தாச்சு. ரூம் என்னோடது."

"உங்களோடதுதாங்க. யார் இல்லைன்னது? பங்காளிங்க வந்து முதலாளி எங்கேன்னு கேட்டா, ஃபிரிட்ஜுக்குப் பின்னாலன்னு நீங்களே சொல்லிடுங்க."

"நீதான் முதலாளின்னு அவர்கிட்ட சொன்னியா?"

"நான் எங்கே சொன்னேன்? தலைமை எழுத்தாளருக்கு மேலே யாருன்னு போன்ல கேட்டார். ஃபேன்னா சொல்ல முடியும்?"

மறுநாள் மிஷினை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர் கத்தரியார்தான். அவர் மேசை ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் சரியாகப் பொருந்தியது. அவள் முன்பே அளந்து வைத்திருந்தாள்.

தொழில் நன்றாக நடந்தது. ஊரில் பாதிப் பாக்கெட்டுகளில் அவர் கார்டு. கண் மருத்துவமனை, பூட்டுக் கடை, நடனப் பள்ளி என்று வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வரி. முன்னறையிலிருந்து "முடிஞ்சுதா?" என்று குரல் வந்தால் பேனா தானாக ஓடியது. பத்திரிகை அலுவலகத்தில்கூட தான் இவ்வளவு நன்றாக எழுதியதில்லை என்று கத்தரியார் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஃபிரிட்ஜைத் திறக்க யாராவது வந்தால் எழுந்து நின்று வழி விட்டார்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி அவர் இரண்டு நாள் விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தார். இடமில்லை, நாளை பார்க்கலாம் என்று பதில் வந்தது.