குழாய் சாரும் அகலப் பாத்திரமும்

மட்டாஞ்சேரியில் என் பாத்திரத்தைக் குறை சொல்லிவிட்டு முழுசாக வீடு திரும்பிய ஒரே மனிதர் குழாய் சார்தான். மூன்றாம் வகுப்போடு திருநெல்வேலியை விட்டு வந்து, சுத்தியலை நம்பியே பாத்திரக்கடை முதலாளி ஆனவன் நான். எழுபதுகளில் நான் அடித்த பாயச உருளி இல்லாமல் இந்தக் கொச்சியில் ஒருத்தன் தாலி கட்டியிருக்க முடியாது.

சாருக்குப் பூர்வீகம் பாலக்காடு. குடும்பம் என் கடை மாடியில். அவருக்கு வடக்கே எங்கோ யுரேனியம் சுத்தம் செய்யும் ஆலையில் வேலை. அங்கே வைக்கும் தொட்டி, குடுவை எதுவானாலும் அவர் பார்த்து, ஆபத்தில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். லீவில் வந்தால் என் கடையையும் விடமாட்டார்.

ஒரு நாள் உருளி வாங்க வந்த சமையற்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை அகலம் ஆகாது ஓய். குழாயாட்டம் ஒல்லியா வாங்கும்."

"சாரே, இது பாயசத்துக்காணு!"

"பாயசமா? அப்போ சரி."

அதற்குள் அந்த ஆள் பயந்து ஓடிவிட்டார்.

"ஏவாரத்தக் கெடுக்கீயளே, கிறுக்கா சார் உங்களுக்கு?"

"அண்ணாச்சி, வீரியம் ஏத்தின யுரேனியக் கரைசல் அகலத் தொட்டியில நெறைஞ்சா அடுப்பே வேண்டாம், தானே மூண்டுடும். நீலமா ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். பக்கத்தில நிக்கறவன் பிழைக்கமாட்டான். ஒல்லிக் குழாய்னா மூளாது, கேட்டேளா?"

எண்பதுகளில் ஒரு தடவை டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, ஒல்லிக் குழாய்களை எடுத்துவிட்டு ஒரே பெரிய தொட்டி வைக்க மேலிடம் முடிவு செய்ததாம். சார் கையெழுத்துப் போடவில்லை. வேறொருவர் போட்டார். இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஒரு கையெழுத்துதானே சார்? போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"தொட்டிகிட்ட நிக்கறவாளோட உக்காந்து சாயா குடிச்சிருக்கேன் அண்ணாச்சி."

அப்புறம் அவர் எழுதிப்போடாத ஆபீஸ் இல்லை. ஒருத்தனும் பதில் போடவில்லை. தொட்டி அங்கேயே இருந்தது. ஆட்களும் அதனருகே நின்றார்கள்.

தினமும் காலையில் கடைக்கு வந்து, பேப்பரைப் பிரித்து அந்த ஆலையின் பெயரைத் தேடுவார். இருக்காது. தெருவே கேலி செய்யும்: "எந்தா சாரே, இன்னும் ஒண்ணும் நடந்தில்லல்லோ?"

"இல்லை. இன்னிக்கும் நான் தோத்துட்டேன்" என்று சிரித்தபடி பேப்பரை மடிப்பார். அப்போதுதான் அந்த முகத்துக்கு உயிர் வரும்.

சாமி, பூதம் எதையும் நம்பாதவன் நான். இந்த மனிதர் ஒரு நாளும் ஜெயித்துவிடக் கூடாது என்று, கடை திறக்கும்போதெல்லாம் கும்பிடத் தொடங்கினேன்.